முப்பத்திரண்டு சீட்டுகளும் ஒரு பூட்டும்

உலகத்தின் மானம் எங்கள் ஊரில்தான் தைக்கப்படுகிறது. இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் ஒரு சீமாட்டி காலையில் குளித்துவிட்டு வந்து முதலில் எதை எடுத்து உடுத்துகிறாரோ, அதன் ஓவர்லாக் தையல் எங்கள் ஊர்த் தையல். நாங்கள் ஒரு வாரம் கடையடைப்பு நடத்தினால் நான்கு கண்டங்கள் கூச்சத்தில் நெளிய வேண்டியிருக்கும். இப்பேர்ப்பட்ட பொறுப்பைச் சுமக்கிற ஊர் தன் சொந்த மானத்தில் எவ்வளவு கவனமாக இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஏனென்றால் அந்தக் கவனத்துக்குத் தலைமை தாங்கியவன் நான்.

என் பெயர் மகுடேஸ்வரன். திருமுருகன்பூண்டியில் சாமி சிலை கொத்துகிற பட்டறைகளைத் தாண்டி உள்ளே திரும்பினால் மூன்றாவது பனியன் கம்பெனி என்னுடையது. எண்பது மிஷின். ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக, பெண்கள் 'அந்த' நாட்களில் உடுத்துகிற ஒரு விசேஷ உள்ளாடையைத் தைத்து அனுப்புகிறோம். நாப்கின் வேண்டியதில்லை, துணியே உறிஞ்சிக்கொள்ளும். விஞ்ஞானம் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் அதன் பெயரை எங்கள் கம்பெனிக்குள் இதுவரை ஒருவரும் வாயால் சொன்னதில்லை. 'ஸ்டைல் 4417' என்போம். கட்டிங் மாஸ்டர் முதல் அயர்ன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அது 4417தான். ஒரு முறை அந்த ஸ்வீடன் கம்பெனியின் அம்மையார் வீடியோ காலில் வந்து, அந்த வார்த்தையைப் பதினொரு முறை சொல்லிவிட்டு, "உங்கள் மகளும் இதைத்தான் உடுத்துகிறாளா?" என்று கேட்டார். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லித் துண்டித்துவிட்டேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அரசு உதவி பெறுவது. முதலாளி வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிற இடம். என் மகள் அக்ஷரா அங்கே பத்தாம் வகுப்பு. அதன் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு மூன்றாவது முறையாக என்னைத் தலைவராகப் 'போட்டியின்றி' தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போட்டியிட யாருக்கும் நேரமில்லை என்பது வேறு விஷயம்.

இந்த ஆண்டு ஜூலையில் சுகாதாரத் துறை அந்தப் பள்ளியின் மீது ஒரு திட்டத்தை ஏவியது. செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு நர்ஸ் வருவார். பெண் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதிப்பார், மாத்திரை கொடுப்பார், சந்தேகம் கேட்டால் பதில் சொல்வார். மாடிப்படிக்கு அடியில் விளையாட்டுச் சாமான் போட்டிருந்த அறையைக் காலி செய்து கொடுத்தோம். அதுவரை ஆட்சேபணை இல்லை. ஆனால் அறைக்கு மேலே ஒரு போர்டு மாட்டினார்கள். அதில் ஆறு வார்த்தைகள். ஐந்து வார்த்தைகள் நல்ல குடும்பத்து வார்த்தைகள்: வளரிளம், பருவத்தினர், நல, ஆலோசனை, அறை. நடுவில் ஒன்று இருந்தது.

அவசரக் கூட்டம் கூட்டினேன். உறுப்பினர்கள் இருவரும் வந்தார்கள். ஒருவர், அட்டைப் பெட்டி கம்பெனி வைத்திருக்கும் ஆத்தப்பன். இன்னொருவர், எலாஸ்டிக் வியாபாரம் செய்யும் பசீர் அகமது பாய். இருவருக்கும் என்னைப்போலவே பத்தாம் வகுப்பில் ஆளுக்கொரு மகள். தலைமை ஆசிரியை சித்ரகலா குறிப்பேட்டோடு உட்கார்ந்தார்.

"ஏனுங் தலைவரே," என்று ஆரம்பித்தார் ஆத்தப்பன். "போர்டுல ஒரு வார்த்தை இருக்குதுங்க. டவுன் பஸ்ல போறவங்க வரைக்கும் படிச்சுட்டுப் போறாங்க."

"எந்த வார்த்தைங்க?"

"அதைய நான் எப்படிங்க வாயில சொல்றது? டீச்சரம்மா வேற உக்காந்திருக்கறாங்க."

"சொன்னாத்தானுங்களே குறிப்புல எழுத முடியும்," என்றார் சித்ரகலா.

ஆத்தப்பன் ஒரு தாளில் எழுதி, நான்காக மடித்து பாயிடம் கொடுத்தார். பாய் படித்துவிட்டு எட்டாக மடித்து என்னிடம் கொடுத்தார். நான் படித்துவிட்டு, அதற்கு மேல் மடிய மாட்டேன் என்று தாளே மறுக்கிற வரை மடித்தேன். 'பொருள்: போர்டில் உள்ள மூன்றாவது வார்த்தை' என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று.

பாய் தொண்டையைச் செருமினார். "நம்ம கடைக்கு எலாஸ்டிக் வாங்கப் பொம்பளப் புள்ளைங்க வந்தாலே நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தானுங்க அளந்து குடுக்கறேன். ஒவ்வொரு தடவையும் அரை மீட்டர் எச்சாப் போயிருது. போனாப் போகட்டும்னு விட்டிருக்கறேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுங்களே."

இந்த இருவரும் இதுவரை எதிலும் ஒத்துப்போனதில்லை. சரக்கு தாமதமானால் இவர் எலாஸ்டிக்கால் என்பார், அவர் பெட்டியால் என்பார். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றார்கள். மத நல்லிணக்கத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுபவர்கள் எங்கள் குறிப்பேட்டைப் பார்வையிடலாம்.

அப்போது நர்ஸை உள்ளே அழைத்தோம். அன்புசெல்வி என்று பெயர். குன்னத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். முப்பது வயதிருக்கும். உட்காரும்போதே ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்தார். அப்போதே எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

"'இனப்பெருக்கம்'ங்கற வார்த்தைதானுங்களே சார்?" என்றார், சத்தமாக. ஜன்னல் திறந்திருந்தது. "அறிவியல் புத்தகத்துல செடிக்கு ஒரு பாடமே அந்தப் பேர்ல இருக்குதுங்களே."

"செடிக்கு இருக்கலாமுங்க," என்றார் ஆத்தப்பன். "செடி ரெட்டைச் சடை போட்டுக்கிட்டுப் பஸ்ஸேறிப் பள்ளிக்கூடத்துக்கு வாரதில்லீங்களே."

அந்தப் பெண் போர்டை இறக்கச் சம்மதித்துவிட்டார். "போர்டு வேண்டாமுங்க. ரூம் மட்டும் திறந்திருந்தாப் போதும். புள்ளைங்க பாதிப் பேருக்கு ரத்தம் கம்மிங்க. கேக்கக் கூச்சப்படறாங்கன்னு ஒரு பெட்டி வெச்சிருக்கறேன். பேர் எழுதாம சீட்டு எழுதிப் போடலாம். ரெண்டே வாரத்துல முப்பத்திரண்டு சீட்டு."

"சீட்டா? என்ன சீட்டுங்க?"

"கேள்விங்க சார்."

பெண் பிள்ளைகளிடம் முப்பத்திரண்டு கேள்விகள். உடனே பெட்டி மேஜைக்கு வந்தது. அது பிள்ளைகளுக்கும் தனக்கும் மட்டும் உரியது என்று அந்தப் பெண் கையை வைத்து மறித்துப் பார்த்தார். முப்பத்திரண்டையும் படிப்பது அநாகரிகம் என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். எனவே எங்கள் தொழிலின் உலகத்தரமான முறையைக் கையாண்டேன்.

வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் சரக்கை எப்படிச் சோதிக்கிறார்கள்? பத்தாயிரம் பீஸையும் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சிலதை உருவுவார்கள். அதில் பெரிய குறை கண்டால் மொத்தச் சரக்கும், அதாவது மொத்த லாட்டும், ஃபெயில். அதே முறைப்படி நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு சீட்டை உருவினேன். பச்சை மையில், முத்து முத்தாக எழுதியிருந்தது:

'மூன்று மாதமாக, ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு நாட்களுக்கு நிற்கவில்லை. படியேறினால் கண் இருட்டுகிறது. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்குமா? அம்மாவிடம் சொன்னால் வேலைக்கு லீவு போட வேண்டியிருக்கும். மாத்திரை மட்டும் தர முடியுமா?'

"எது நிக்கலீங்களாம்?" என்றார் பாய்.

"அதுதானுங்க," என்றேன்.

"ஓ. அது."

லாட் ஃபெயில்.

நர்ஸ் அந்தச் சீட்டை என் கையிலிருந்து வாங்கி இரண்டு முறை படித்தார். அவர் முகம் மாறியது. "சார், இந்தப் புள்ளைக்கு உடனே ரத்தம் பாக்கோணுங்க. இது விளையாட்டு இல்ல. யாருன்னு நீங்க ஒண்ணும் தேட வேண்டாம். அடுத்த செவ்வாக்கிழமை ரூம் திறந்திருந்தா அதுவா வந்துரும்."

நான் பொறுமையாக விளக்கினேன். "அம்முணி, குறை இருக்கிற பீஸ் கண்ணுல பட்டா முதல்ல என்ன பண்ணோணும்? அது எந்த டெய்லர் கையில இருந்து வந்துச்சுன்னு பண்டில் நம்பரை வெச்சுக் கண்டுபுடிக்கோணும். அதுக்கப்புறந்தான் மத்ததெல்லாம்."

"பீஸ் இல்லீங்க சார், புள்ளைங்க."

இப்படி வார்த்தைக்கு வார்த்தை பேசுகிறவரோடு நிர்வாகம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று நிர்வாகிகளுக்குத் தெரியும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: சீட்டை எழுதியவர் யார் என்று தெரிந்து 'தக்க நடவடிக்கை' எடுக்கப்படும் வரை அறை பூட்டியிருக்கும். சோதனைக்கு எடுத்த சீட்டு நீங்கலாக மீதி முப்பத்தொன்றும் பெட்டியோடு உள்ளேயே இருக்கும். அவற்றை யாரும் படிக்கக் கூடாது. பிள்ளைகளின் அந்தரங்கத்தை நாங்கள் எவ்வளவு மதித்தோம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

விசாரணையில்தான் ஒரு சிக்கல் வந்தது. கையெழுத்தை ஒப்பிடலாம் என்று தலைமை ஆசிரியையிடம் பத்தாம் வகுப்பு நோட்டுகளைக் கேட்டேன். சித்ரகலா பெருமிதத்தோடு ஒரு கட்டைக் கொண்டு வந்து வைத்தார். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் ஒரே கையெழுத்து.

"ஆறாம் வகுப்புல இருந்து பயிற்சி குடுக்கறோமுங்க," என்றார். "ஒரு புள்ளை எழுத்துக்கும் இன்னொரு புள்ளை எழுத்துக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. மாவட்டத்துல கேடயம் வாங்கியிருக்கறோம்."

"பச்சை மை?"

"அதுவும் நாங்கதானுங்க. தலைப்புக்குப் பச்சை, விடைக்கு நீலம். எல்லாப் புள்ளைகிட்டயும் இருக்கும்."

எனவே உறுப்பினர்கள் அவரவர் வீட்டில் முதலில் சோதித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தலைவர்கள் தம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற உயர்ந்த மரபு அது. சீட்டை செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம்.

அன்று மாலை, அக்ஷரா டியூஷன் போன நேரம் பார்த்து அவளுடைய சமூக அறிவியல் நோட்டை எடுத்தேன். ஒப்பிட்டேன். 'ண'வின் சுழி அதே சுழி. 'ற'வின் வால் அதே வால். மேஜை மேலேயே பச்சைப் பேனா.

மனைவி ஜெயபாரதியைக் கூப்பிட்டேன். "புள்ளைகிட்ட நீ கேட்டுச் சொல்லு."

"என்னத்தைங்க?"

"அதுதான்."

"எதுங்க?"

செல்போனை நீட்டினேன். படித்தாள். "இதைய எழுதுனது நம்ம புள்ளைன்னு நெனைக்கறீங்களா? அவளுக்கு மாசாமாசம் நான்தானுங்க பாத்துக்கறேன். எனக்குத் தெரியாதுங்களா? சந்தேகமிருந்தா நீங்களே கேளுங்க. உங்க புள்ளைதானுங்களே."

ஒரு தகப்பன் வயசுக்கு வந்த மகளிடம் கேட்கக்கூடிய கேள்விகள் நமது பண்பாட்டில் மூன்று: சாப்பிட்டியா, படிச்சியா, என் சார்ஜர் எங்கே. நான் மூன்றையும் கேட்டேன். மூன்றுக்கும் திருப்திகரமான பதில் வந்தது. ஆனால் சந்தேகம் தீரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் விவரம் கேட்டேன். "நம்ம ஊட்டுப் புள்ளை இல்லீங்க," என்றார் ஆத்தப்பன், என்னைப் பார்க்காமல். "நம்ம புள்ளை தபஸ்ஸும் இல்லவே இல்லீங்க," என்றார் பாய், தரையைப் பார்த்து. "எங்க அக்ஷராவும் இல்லீங்க," என்றேன் நான், காலண்டரைப் பார்த்து. மூவரின் நேர்மையும் குறிப்பேட்டில் பதிவாயிற்று.

அன்று முழுவதும் நர்ஸ் அன்புசெல்வி பூட்டிய அறையின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு நேர் எதிரே தலைமை ஆசிரியையின் அறை, அதன் ஜன்னலில் நாங்கள் மூவரும். மாலை வரை ஒரு பிள்ளைகூட அருகில் வரவில்லை. 'இன்றைய பயனாளிகள்: பூஜ்யம்' என்று நானே எழுதினேன். எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளின் பரிபூரண ஆரோக்கியத்துக்கு அரசாங்கப் பதிவேட்டிலேயே ஆதாரம் கிடைத்துவிட்டது.

மறுநாள் புதன்கிழமை, கம்பெனியில் என் டேபிளுக்கு முன்னால் முத்தாயி வந்து நின்றது. ஆண்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண். பத்து வருஷமாக என்னிடம் செக்கிங். தைத்து வரும் பீஸை விரித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. முத்தாயி கண்ணிலிருந்து ஒரு குறையும் தப்பாது என்று ஸ்வீடன் அம்மையாரே சொல்லியிருக்கிறார்.

"முதலாளி, நாளைக்கு ஒருநா லீவு வேணும். புள்ள தேஜஸ்ரீக்கு முடியல. நாலு நாளா எந்திரிக்கவே மாட்டேங்குது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி வரணும்."

"சனிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் இருக்குதேம்மா. 4417 முழுசும் உன் டேபிளைத் தாண்டித்தானே போகோணும்?"

"அதாங்க நானும் ரோசிச்சேன். செவ்வாக்கெழம பள்ளிக்கொடத்துலயே நர்சம்மா வந்து பாக்குதாம்ல, லீவு போடாம அங்கனயே காட்டிக்கிரலாம்னு இருந்தேன். இப்ப ரூமப் பூட்டிட்டாகளாமே."

நான் கனிவோடு எடுத்துச் சொன்னேன். "உங்க புள்ளைங்க நல்லதுக்குத்தாம்மா பூட்டியிருக்குது. உம்புள்ளை பேரு நாளைக்கு ஊர் வாயில விழுந்தரக் கூடாதுல்ல? நாங்கெல்லாம் பொறுப்பா இருந்து பாத்துக்கறோம். சனிக்கிழமை சரக்கு போகட்டும், திங்கக்கிழமை நீ தாராளமா லீவு எடுத்துக்கோ."

"நீங்க சொன்னாச் சரிங்க முதலாளி," என்றது முத்தாயி. புள்ளைக்கு உடம்புக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. தொழிலாளியின் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கிற வழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

என் சொந்தக் குடும்ப விஷயம் மட்டும் அரித்துக்கொண்டேயிருந்தது. கடைசியில், இன்ஸ்பெக்‌ஷனை மேனேஜர் நல்லானிடம் ஒப்படைத்துவிட்டு, சனிக்கிழமை காலை ஜெயபாரதியையும் அக்ஷராவையும் காரில் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் கிளம்பினேன். பக்கத்து வீட்டில் கேட்டதற்குக் கண் டாக்டர் என்று சொன்னேன்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தானுங்கப்பா தெரியுது," என்றாள் அக்ஷரா பின் சீட்டிலிருந்து.

"எல்லாம் ஒரு செக்கப்தான் கண்ணு."

அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் ஒரு போர்டு இருந்தது. எங்கள் பள்ளியில் இறக்கினோமே, அதே மூன்றாவது வார்த்தை. ஓரடி உயர எழுத்தில், உள்ளே விளக்குப் போட்டு. இறக்குமதிப் பளிங்கு பதித்த சுவரில் பார்க்கும்போது அது அவ்வளவு மோசமான வார்த்தையாகத் தெரியவில்லை. உள்ளே நுழைந்தோம். வரவேற்பறையில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஆத்தப்பன் உட்கார்ந்திருந்தார். கூடவே மனைவி, மகள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஏனுங் தலைவரே, நீங்களும் இங்கதானுங்களா?"

"அக்ஷராவுக்குக் கண்ணுல பொடி எழுத்து தெரியலீங்க. நீங்க?"

"நமக்கும் கண்ணுதானுங்க. ரெண்டு கண்ணுலயும்."

சுவரில் கர்ப்பப்பையின் வண்ணப் படம் ஒன்று ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. நாங்கள் இருவரும் மீன்களை உற்றுப் பார்த்தோம். கதவு திறந்தது. பசீர் பாய், மனைவி சபுரா பீவி, மகள் தபஸ்ஸும். பாய் எங்களைக் கண்டதும் திரும்பிப் போய்விடப் பார்த்தார். பின்னால் சபுரா பீவி நின்றதால் முடியவில்லை.

"பல்லுங்க," என்றார், நாங்கள் கேட்பதற்கு முன்பே. "தபஸ்ஸுமுக்குக் கடவாப்பல்லு."

தாய்மார்கள் மூவரும் ஒரு மூலையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் மூவரையும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே கூப்பிட்டார்கள். தாயைக்கூட வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா தனியாகவே பேசினார். அரை மணி நேரம் கழித்து அவரே வெளியே வந்து, "இந்த மூணு பொண்ணுங்களோட அப்பாக்கள் யாரு?" என்றார். நாங்கள் எழுந்து நின்றோம்.

"மூணு பேருக்கும் ஒரு குறையும் இல்லைங்க. ரத்தமெல்லாம் நல்லா இருக்கு. ஆனா மூணு பேரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே கேள்வியைக் கேட்டாங்க. 'என் ஃப்ரெண்டுக்குப் பன்னெண்டு நாள் நிக்காமப் போகுது, கண்ணு இருட்டுது, என்ன மாத்திரை வாங்கிக் குடுக்கலாம்'னு. யாருங்க அந்த ஃப்ரெண்டு? மாத்திரை எழுதிக் குடுக்கற நிலைமை இல்ல இது. அந்தப் பொண்ணை ஏன் கூட்டிட்டு வரல?"

ஆத்தப்பன் பாயைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். விசாரணைக் குழு அங்கேயே, அந்த மீன் தொட்டிக்குப் பக்கத்திலேயே கூடிவிட்டது. வேண்டிய ஆள்பலமும் இருந்தது.

"யாரு கண்ணு அது?" என்றேன் அக்ஷராவிடம். நான் மகளிடம் கேட்ட நான்காவது கேள்வி.

"தேஜஸ்ரீங்கப்பா. நம்ம கம்பெனி முத்தாயி அக்கா பொண்ணு. நர்சக்காகிட்ட நேர்ல காட்டுறேன்னுதான் இருந்தா. நீங்க பூட்டிட்டீங்க. போன வார வெள்ளிக்கிழமையோட பள்ளிக்கூடத்துக்கு வாரதையும் நிறுத்திட்டா. இன்னைக்கு எட்டு நாளாச்சு."

"அப்பவே சொல்லறதுக்கு என்ன?"

"சொன்னா அவ மேல 'தக்க நடவடிக்கை' எடுப்பீங்கன்னு எல்லாப் புள்ளைங்களுக்கும் தெரியுமுங்கப்பா. அதான் இங்க வந்ததும் மூணு பேரும் பேசிக்கிட்டோம். டாக்டர்கிட்டயே கேட்டு அவகிட்டச் சொல்லலாமுன்னு."

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் ஒற்றுமை இல்லை என்று சொல்கிறவர்களை நான் இனி நம்பமாட்டேன்.

செல்போன் அடித்தது. நல்லான். "முதலாளி, இங்க இன்ஸ்பெக்‌ஷன் பாதியில நிக்குதுங்க. முத்தாயி டேபிளை விட்டுட்டு ஓடிருச்சு. அதோட புள்ளை ஊட்ல பேச்சு மூச்சில்லாமக் கெடந்துச்சாமுங்க. பக்கத்து ஊட்டுக்காரங்க 108ல போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிட்டாங்களாம். செக்கிங்குக்கு வேற ஆளை உக்கார வெக்கட்டுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்ஷரா காரில் போய் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

திருப்பூர்ப் பெரியாஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். பெண்கள் வார்டில் மூலைக் கட்டிலில் தேஜஸ்ரீ கிடந்தாள். அக்ஷராவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற பிள்ளை. நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்று அடையாளம் தெரியவில்லை. உதடு நாங்கள் வெளுக்கக் கொடுத்து வாங்குகிற துணி நிறத்தில் இருந்தது. மேலே ஒரு பையிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்ஷரா நேராகப் போய் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இளவயது டாக்டரம்மா ஒருவர் முத்தாயியிடம் பேசிக்கொண்டிருந்தார். "பயப்படாதீங்க, பொழச்சுக்குவா. இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்தணும். ஆனா ஹீமோகுளோபின் நாலு இருக்கும்மா. பன்னெண்டு இருக்க வேண்டிய எடத்துல நாலு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நான் இப்படிப் பேசிட்டிருக்க மாட்டேன். மூணு மாசமா போயிருக்கு, ஒரு விரல் நுனியில குத்திப் பாத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும். மாத்திரையிலயே சரி பண்ணியிருக்கலாம். இப்பத்தான் பள்ளிக்கூடத்துக்கே நர்ஸ் வர்றாங்களே? உங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றதில்லையா?"

"வந்தாகம்மா," என்றது முத்தாயி. "ரூமத்தான் பூட்டிட்டாக."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "பூட்டிட்டாங்களா? யாரு?"

முத்தாயி சுற்றுமுற்றும் பார்த்தது. வாசலருகே நின்ற என்னைக் கண்டதும் அதன் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கையை நீட்டி என்னைக் காட்டியது.

"இவுகதாம்மா. எங்க முதலாளி. பள்ளிக்கொடத்துக்கும் இவுகதான் தலைவரு. எங்க புள்ளைகளுக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதுன்னு இவுகதான் முன்ன நின்னு பூட்டச் சொன்னாக."

வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எத்தனையோ மேடைகளில், எத்தனையோ பேர் இதைப்போல என் பெயரையும் பதவியையும் சொல்லி என்னை அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். பழக்கம் பாருங்கள். எல்லோரையும் பார்த்து என் இரண்டு கைகளும் தாமாகவே குவிந்து வணக்கம் வைத்தன.

சிரிக்கவும் செய்தேனாம். அக்ஷரா சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை.